ஜெயித்த கையோடு கப்பம் கட்டிய நாடு

கேள்வி இது: "981-இல் சொங் படையை விரட்டினார்கள். 1288-இல் மங்கோலியரின் கப்பற்படையை ஆற்றிலேயே அழித்தார்கள். 1427-இல் மிங் படையை வெளியேற வைத்தார்கள். 1789-இல் சிங் படையைப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் நடுவே அடித்துத் துரத்தினார்கள். இப்படி ஒவ்வொரு முறையும் வென்ற வியட்நாம், ஒவ்வொரு முறையும் தோற்றவனுக்கே கப்பம் அனுப்பியது ஏன்? அது தனி நாடா, சீனாவின் சிற்றரசா? அதன் பண்பாடு முழுக்கச் சீனாவின் நகல்தானா?"

"ஒவ்வொரு முறையும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நூலின் முனை அங்கேதான் இருக்கிறது. ஒரு முறை நடந்தால் பயம் எனலாம். 800 ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு அரச குடும்பங்கள் நான்கு வெவ்வேறு எதிரிகளிடம் ஒரே காரியத்தைச் செய்தால், அதை யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்று நம் ஊரில் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு வியட்நாம் அரசர்கள் சொன்ன பதில்தான் கப்பம். போர்க்களத்தில் வீரியத்தைக் காட்டிவிட்டு, கடிதத்தில் காரியத்தைப் பார்த்தார்கள்.

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கப்பம், திறை என்றதும் தோற்ற மன்னன் வென்றவன் காலடியில் பொன்னைக் கொட்டும் காட்சி நமக்கு வந்துவிடுகிறது. சீன அரசவை வழக்கம் அப்படிப்பட்டதல்ல. சிறியவர் தம் நாட்டுப் பொருளைக் கொண்டுவந்து பணிவார். பெரியவர் அதற்கு ஈடாகப் பட்டும் வெள்ளியும் பட்டமும் விருந்தும் தருவார். எல்லையைத் தாண்டியதும் தூதுக்குழுவின் சாப்பாடு, படகு, சுமைகூலி எல்லாம் சீன அரசின் செலவு. ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சொங் தலைநகரை அடைந்தபோது, சீன ஆவணங்கள் அதையும் கப்பம் என்றுதான் எழுதிவைத்தன. அதற்காகத் தஞ்சாவூரை யாரும் சீனாவின் சிற்றரசு என்பதில்லை. ஆனால் சோழனுக்கும் சீனாவுக்கும் நடுவே பெருங்கடல் கிடந்தது. வியட்நாமுக்கு வேலிக்கு அந்தப் பக்கமே சீனா. அதனால் சோழருக்கு வியாபார நுழைவுச்சீட்டாக இருந்த சடங்கு, வியட்நாமியருக்கு உயிர்ப் பிரச்சினை.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 111-இல் சீனாவின் ஹான் பேரரசு, இன்றைய வட வியட்நாமின் செவ்வாற்றுப் படுகையைப் பிடித்தது. நடுவே கி.பி. 40-இல் ட்ருங் சகோதரிகள் எழுப்பிய கிளர்ச்சி, 6-ஆம் நூற்றாண்டில் லீ பி நடத்திய சிறு அரசு என்று சில இடைவெளிகள் இருந்தாலும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்தப் பகுதி சீனப் பேரரசின் தென்கோடி மாநிலம். தாங் பேரரசு 679-இல் அதற்கு வைத்த பெயர் அன்னாம், அதாவது 'அமைதிப்படுத்தப்பட்ட தெற்கு'. 938-இல் ஙோ குயென் பாக் டாங் ஆற்றின் அடியில் இரும்புமுனைக் கழிகளை நட்டுவைத்து, வற்று நீரில் எதிரிக் கப்பல்களைக் குத்திக் கிழித்தார். அதோடு அந்தக் காலம் முடிந்தது. (நம் அரிச்சுவடியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'ங' இந்த நாட்டுப் பெயர்களுக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. இனி நிறைய வரும்.)

அந்த ஆயிரம் ஆண்டுகளில் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கே மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டாம். மத்திய ஆசியாவின் சோக்தியானா வம்சாவளியில், முன்னர் இந்தியாவில் வாழ்ந்த ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்து, செவ்வாற்றுப் படுகையில் வளர்ந்து துறவியானவர் காங் செங்ஹுய். அவர் 247-இல் இன்றைய நான்ஜிங் நகருக்குப் போய் பௌத்தம் பரப்பினார். தான் ஹுவா பக்கத்தில் பிறந்த ஜியாங் கொங்ஃபு 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாங் பேரரசின் முதலமைச்சர்களில் ஒருவரானார்.

இனி கதையின் சுவையான பகுதி. 981-இல் சொங் படையெடுப்பை முறியடித்த லே ஹுவான் செய்த அடுத்த வேலை, சொங் அரசவைக்குப் பணிவான கடிதமும் காணிக்கையும் அனுப்பியதுதான். சொங் பேரரசரும் பட்டங்களைத் தந்தார். அந்தப் பட்டங்களைச் சுமந்துகொண்டு 990-இல் வந்த தூதர் சொங் காவ் திரும்பிப்போய்க் கொடுத்த அறிக்கை இன்றும் இருக்கிறது. படித்தால் சிரிப்பு வரும். பேரரசரின் ஆணையை வாங்கும்போது மண்டியிட வேண்டும். லே ஹுவான் மண்டியிடவில்லை. "சமீபத்தில் எல்லைக் காட்டுவாசிகளோடு நடந்த சண்டையில் குதிரையிலிருந்து விழுந்து காலில் அடி" என்றார். ஆனால் அதே அடிபட்ட காலோடு, செருப்பில்லாமல் தண்ணீரில் இறங்கி, விருந்தாளியின் கண்முன் கழியால் மீன் குத்திக் காட்டினார். ஒவ்வொரு மீன் சிக்கும்போதும் சுற்றி நின்றவர்கள் கூச்சலிட்டுக் குதித்தார்களாம். இன்னொரு நாள் பத்துப் பதினைந்து பேர் போதாத அளவு பெரிய பாம்பொன்றைச் சுமந்துவந்து தூதரின் விடுதி வாசலில் போட்டு, "சாப்பிடுவீர்கள் என்றால் சமைத்துத் தரச் சொல்கிறார்" என்று கேட்டார்கள். பார்த்து மகிழ இரண்டு புலிகளும் வந்தன. தூதர் இரண்டையும் வேண்டாம் என்றார். கடைசியில் லே ஹுவான் வைத்த கோரிக்கைதான் முத்தாய்ப்பு: இனிமேல் அரசாங்கக் கடிதங்களை எல்லையிலேயே கொடுத்துவிடுங்கள், இவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேண்டாம். சொங் அரசவை அதையும் ஒப்புக்கொண்டது.

இதில் ஒரு வார்த்தைகூட எதிர்ப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். மண்டியிட மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை, கால்தான் வலித்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் 987-இல் வந்த இன்னொரு தூதர் லி ஜுவே கவிதைப் பித்தர். அவரைப் படகில் அழைத்துவர, படகோட்டி வேடத்தில் ஒரு பௌத்தத் துறவியை அனுப்பினார் லே ஹுவான். ஆற்றில் இரண்டு வாத்துகளைப் பார்த்துத் தூதர் பழைய தாங் கவிதையின் இரண்டு வரிகளைச் சொல்ல, துடுப்பு வலித்தவர் அடுத்த இரண்டு வரிகளை முடித்துவைத்தார். தூதர் அசந்துபோனார். அவர் பின்னர் எழுதிக்கொடுத்த கவிதையில் 'வானுக்கு அப்பால் இன்னொரு வானம்' என்று ஒரு வரி. அரசவையின் மூத்த துறவி குவோங் வியெட் உடனே அதைப் பிடித்துக்கொண்டார்: "இவர் நம் அரசரைத் தம் பேரரசருக்குச் சமமாக வைத்துப் பாடியிருக்கிறார்." தூதர் உண்மையிலேயே அப்படி நினைத்தாரோ, விருந்து நன்றாக இருந்ததோ, எப்படியோ வியட்நாம் வரலாற்றில் அது அப்படியே பதிந்துவிட்டது. படையை வென்ற பிறகு, எதிரியின் மொழியில் எதிரியின் கவிதையாலேயே இரண்டாம் முறை வெல்வது என்ற பழக்கம் இங்கே தொடங்குகிறது.

இப்போது இரட்டைக் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக்குள் வியட்நாம் ஆட்சியாளர் 'டே', அதாவது பேரரசர். 968-ஐ ஒட்டி டின் போ லின் அந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டதிலிருந்து 20-ஆம் நூற்றாண்டு வரை அப்படித்தான். சீனாவுக்கு எழுதும்போது மட்டும் அவர் 'வுவோங்', அதாவது அரசர். சீனக் கோட்பாட்டில் வானுக்குக் கீழே ஒரே ஒரு பேரரசர்தான் இருக்க முடியும், அதனால் இந்த ஒரு சொல்லுக்காகப் போர் மூளும். இந்த ஏற்பாட்டை 'உள்ளே பேரரசர், வெளியே அரசர்' என்று சுருக்கிச் சொல்வார்கள். லீ வம்சத்துப் படைத்தலைவர் லீ துவோங் கியெட் பாடியது என்று மரபு சொல்லும் நான்கு வரிக் கவிதை, 'தென்னாட்டு மலையும் ஆறும் தென்னாட்டுப் பேரரசருக்கு உரியவை' என்று தொடங்கும். அதில் வம்பு முழுவதும் 'பேரரசர்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

பெயரில்கூட இந்த இரட்டைக் கணக்கு உண்டு. ட்ரான் வம்சத்து அரசர்கள் சீனாவுக்கு எழுதிய கடிதங்களில் சொந்தப் பெயரைப் போடாமல் அதற்கென்றே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். சீன வரலாற்றில் இருக்கும் பெயரையும் வியட்நாம் வரலாற்றில் இருக்கும் பெயரையும் ஒப்பிட்டால் ஒரே ஆள் என்றே தெரியாது. பணிந்து மன்னிப்புக் கேட்டது அந்தக் காகித மனிதர். அரண்மனையில் இருந்தவர் யாருக்கும் பணியவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தும் சீனா ஏன் ஒப்புக்கொண்டது? கணக்கு அவர்களுக்கும் தெரியும். வடக்கில் எப்போதும் பெரிய எதிரி ஒருவன் இருந்தான்: சொங் காலத்தில் கித்தான்கள், மிங் காலத்தில் மங்கோலியர். தெற்கே படை அனுப்பினால் வெயிலும் காய்ச்சலும் வாளைவிட அதிகம் கொன்றன. 1075-இல் லீ துவோங் கியெட் தாமே முந்திக்கொண்டு சீன எல்லை நகரங்களைத் தாக்கினார். பதிலுக்கு 1076-77-இல் இறங்கிய சொங் படை நூ நியுவெட் ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் நின்று நோயில் கரைந்தது. பிறகு பேச்சுவார்த்தை. சொங் வசம் போயிருந்த குவாங் ஙுயென் பகுதியைக் கேட்டு, 1078-இல் லீ அரசவை ஐந்து பழகிய யானைகளைக் கப்பமாக அனுப்பியது. அடுத்த ஆண்டு நிலம் திரும்ப வந்தது. அந்தப் பகுதியில்தான் தங்கச் சுரங்கங்கள். சீனர்களே இதைக் கேலி செய்து ஈரடி கட்டினார்கள்: 'அன்னாம் யானைக்கு ஆசைப்பட்டோம், குவாங் ஙுயென் தங்கத்தைத் தொலைத்தோம்.' கப்பத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால், இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சடங்கு சடங்காக இருந்தவரை ஏற்பாடு ஓடியது. சடங்கை யாராவது நிஜம் என்று எடுத்துக்கொண்டபோதெல்லாம் ரத்தம் ஓடியது. இரண்டு முறை அப்படி நடந்தது.

முதலாவது குப்லாய் கான். மங்கோலியருக்கு இந்தப் பூடகமெல்லாம் புரியவில்லை, அல்லது புரிந்தும் பிடிக்கவில்லை. 1267-இல் அவர் ஆறு நிபந்தனைகள் வைத்தார்: அரசர் நேரில் வரவேண்டும், மகன்களைப் பிணையாக அனுப்பவேண்டும், குடிமக்கள் கணக்கு தரவேண்டும், படைக்கு ஆள் தரவேண்டும், வரி கட்டவேண்டும், மங்கோலிய மேற்பார்வையாளர் ஒருவர் தலைநகரில் உட்காருவார். இது கப்பமல்ல, ஆட்சி. ட்ரான் அரசர்கள் மறுக்கவும் இல்லை, செய்யவும் இல்லை. உடம்பு சரியில்லை, வழி தூரம், தகப்பனார் இறந்த துக்கம் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தார்கள். 1281-இல் அரசருக்குப் பதில் உறவினர் ஒருவர் போனார். குப்லாய் அவரையே அன்னாம் அரசராக நியமித்துத் திருப்பி அனுப்பிப் பார்த்தார், பலிக்கவில்லை.

அந்த நாட்களில் வந்த மங்கோலியத் தூதர் சாய் சுன் குதிரையிலேயே அரண்மனை வாயிலுக்குள் நுழைந்தார், தடுத்த காவலனைச் சாட்டையால் மண்டையில் அடித்தார். அமைச்சர் ட்ரான் குவாங் காய் பார்க்கப் போனபோது படுக்கையை விட்டு எழவே இல்லை. பிறகு படைத்தலைவர் ட்ரான் ஹுங் டாவ், தலையை மழித்துத் துறவி போல உடுத்திக்கொண்டு போனார். அவரைச் சீனத் துறவி என்று நினைத்துத் தூதர் எழுந்து வணங்கி உட்காரவைத்தார். தேநீர் குடிக்கும்போது பின்னால் நின்ற ஆள் அம்பு முனையால் ஹுங் டாவின் தலையில் ரத்தம் வரும்வரை குத்தியும் அவர் முகம் மாறவில்லை என்று வியட்நாம் வரலாறு எழுதுகிறது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

1285, 1287-88 என்று இரண்டு பெரும் படையெடுப்புகள் வந்தன. கடைசியில் ஙோ குயெனின் அதே பாக் டாங் ஆறு, அதே கழிகள். வென்ற உடனே வழக்கம்போல் மன்னிப்புக் கடிதம் போனது. நேரில் வர இயலாத அரசருக்குப் பதிலாகத் தங்கத்தில் செய்த மனித உருவம் ஒன்றும் போனது. சிறைப்பட்ட மங்கோலியக் கடற்படைத் தளபதி ஒமாரையும் மரியாதையோடு கப்பலேற்றி வழியனுப்பினார்கள். வழியில் இரவோடு இரவாக நீச்சல்காரர்கள் கப்பலின் அடியைத் துளைத்தார்கள், ஒமார் மூழ்கிப்போனார். "கப்பலில் தண்ணீர் புகுந்துவிட்டது, காப்பாற்ற முயன்றோம், ஆள் கனம், முடியவில்லை" என்ற பொருளில் குப்லாய்க்கு ஓர் இரங்கல் விளக்கம் போனது. இது எதிரி எழுதிய குற்றச்சாட்டல்ல. வியட்நாமின் சொந்த அரச வரலாற்றிலேயே இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1293-இல் தூதராக வந்த சென் ஃபூ நாடு திரும்பிய பிறகு எழுதிய கவிதையில், வெண்கல முரசு ஒலிக்க ஒலிக்கத் தம் தலைமயிர் நரைத்துவிட்டது என்கிறார். தூதர் வேலை இரு பக்கமும் சுகமாக இருக்கவில்லை.

இரண்டாவது முறை மிங். 1400-இல் ஹோ குய் லி ட்ரான் வம்சத்தைக் கவிழ்த்து அரியணை ஏறினார். பழைய வம்சத்தை மீட்டுத் தருகிறோம் என்று 1406-இல் நுழைந்த யோங்லே பேரரசரின் படை, 1407-இல் நாட்டையே சீன மாகாணமாக அறிவித்தது. அந்தப் படைக்கு யோங்லே கொடுத்த ஆணையைப் படித்தால் வயிறு எரிகிறது: சீனர் நட்ட கல்வெட்டுகள் இருக்கட்டும், அன்னாமியர் நட்டவற்றில் ஓர் எழுத்துகூட மிஞ்சக்கூடாது, அவர்கள் எழுதிய ஏடுகளையும் எரிக்கவேண்டும். லீ, ட்ரான் காலத்து எழுத்தில் நமக்கு இன்று இவ்வளவு குறைவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கைவினைஞர்களையும் இளைஞர்களையும் பெருமளவில் வடக்கே கொண்டுபோனார்கள். அப்படிப் போய் அரண்மனை ஊழியரான ஙுயென் ஆன், பிற்பாடு பெய்ஜிங்கின் ஒன்பது வாயில்களைக் கட்டும் பணியையும், எரிந்துபோன அரண்மனை மண்டபங்களை மறுபடி எழுப்பும் பணியையும் நடத்தினார். ஹோ குய் லியின் மகன் ஹோ ஙுயென் ட்ருங் மிங் படைக்குத் துப்பாக்கி, பீரங்கி செய்து கொடுத்துப் பொதுப்பணி அமைச்சர் வரை உயர்ந்தார். கைதியாகப் போனவர் எதிரி நாட்டில் அமைச்சரான விநோதம்.

1418-இல் லே லொய் தொடங்கிய கிளர்ச்சி பத்து ஆண்டு நீடித்தது. 1427-இல் சி லாங் கணவாயில் மிங் தளபதி லியு ஷெங் கொல்லப்பட்டார்; தலைநகரில் முற்றுகையில் கிடந்த சீனப் படை சமாதானம் பேசியது. லே லொய் அவர்களைக் கொல்லவில்லை. 500 படகுகளும் ஆயிரக்கணக்கில் குதிரைகளும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார். அந்த வெற்றிக்காக 1428-இல் லே லொயின் ஆலோசகர் ஙுயென் ட்ராய் எழுதிய அறிவிப்பு வியட்நாம் இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்று. அதில் அவர் வைக்கும் வாதம்: மலையும் ஆறும் வேறு, வழக்கம் வேறு; எங்கள் வம்சங்களும் ஹான், தாங், சொங், யுவானும் அவரவர் திசையில் பேரரசர்கள். இதை எழுதியது செந்தரமான சீன எழுத்தில், சீன நடையில், சீன நூல்களின் மேற்கோள்களோடு. சீனர்களுக்குப் புரியவேண்டும் என்று மட்டுமல்ல, நாகரிகம் உங்கள் தனிச்சொத்தல்ல என்று காட்டவும்தான்.

பிறகும் கப்பம். மிங் அரசவை உடனே இறங்கி வரவில்லை. ட்ரான் வம்ச வாரிசு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 1431-இல் லே லொய்க்கு 'அன்னாம் நாட்டுப் பொறுப்பைத் தற்காலிகமாகக் கவனிப்பவர்' என்ற பட்டம்தான் கிடைத்தது. அவர் மகனுக்கு 1436-இல்தான் 'அன்னாம் அரசர்'. அதுவரை பொறுமையாகத் தூது மேல் தூது போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தங்க மனிதனுக்கு வருகிறேன். லே லொய் காலத்திலும் அது போனது. லியு ஷெங்கைக் கொன்றதற்கான பழிக்கடன் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். 1527-இல் லே வம்சத்திடமிருந்து அரியணையைப் பறித்த மாக் டாங் ஸுங், மிங் படையெடுப்புக்கு அஞ்சி 1540-இல் எல்லைக் கணவாயில் வெறுங்காலோடு, கழுத்தில் கயிற்றோடு மண்டியிட்டார். மாக் குடும்பம் அனுப்பிய தங்க உருவம் கைகட்டப்பட்ட குற்றவாளியின் தோற்றத்தில் இருந்தது. பதவியும் அரசர் என்பதிலிருந்து இறங்கி, ஒரு மேற்பார்வை அதிகாரி என்றானது. 1590-களில் லே வம்சம் தலைநகரை மீட்டபோது, புதிய உருவம் செய்யவேண்டி வந்தது. லே தரப்பு நிமிர்ந்து நிற்கும் உருவம் ஒன்றைச் செய்தது. நாங்கள் அரியணையைப் பறித்தவர்கள் அல்ல, உரியவர்கள், எங்களுக்கு எதற்குக் கைக்கட்டு என்பது அவர்கள் வாதம். சீன அதிகாரிகளுக்கு அது திமிராகத் தெரிந்தது. குப்புற விழுந்து வணங்கும் கோலத்தில் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் குனிந்த உருவம் செய்து, முதுகில், நேரில் வந்து விழுந்து வணங்க இயலாததால் இதை அனுப்புகிறேன் என்று பொறித்துக் கொடுத்தார்கள். ஒரு பொம்மையின் முதுகு எத்தனை பாகை வளையவேண்டும் என்று இரண்டு அரசாங்கங்கள் பேரம் பேசியிருக்கின்றன. சிரிக்கலாம். ஆனால் அந்த முதுகுக்காகப் படை நகரவில்லை.

அந்த உருவத்தை 1597-இல் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனவர் ஃபுங் காக் குவான், எழுபதை நெருங்கும் வயது. அரசர் பட்டம் கிடைக்கவில்லையே என்று அங்கேயே மனு கொடுத்துப் பார்த்தார், பலன் இல்லை. ஆனால் விடுதியில் கொரியத் தூதர் யி சு-குவாங்கைச் சந்தித்தார். இருவருக்கும் பேச்சுமொழி பொது இல்லை. தாளில் சீன எழுத்தால் எழுதிக்காட்டியே பேசினார்கள், கவிதை பரிமாறிக்கொண்டார்கள். அதே ஆண்டு நடந்த போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஜோ வான்-பியோக் என்ற கொரிய இளைஞர், பின்னர் ஒரு ஜப்பானிய வணிகக் கப்பலில் வியட்நாம் வந்து சேர்ந்தார். அங்கே படிக்கும் பிள்ளைகள் கையில் யி சு-குவாங்கின் கவிதைகள். ஊர் திரும்பி அவர் இதைச் சொன்னபோது கொரியர்களே நம்பச் சிரமப்பட்டார்கள். கப்பம் சுமந்த பாதையில்தான் இதெல்லாம் நடந்தது.

அந்தப் பாதை லேசானதல்ல. ஹனோயிலிருந்து லாங் சோன், எல்லைக் கணவாய், பிறகு குவாங்ஸி ஆறுகள், ஹூனான், யாங்சி, பெருங்கால்வாய் வழியே பெய்ஜிங். போய்த் திரும்ப ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். போனவர்கள் பெரும்பாலும் தேர்வில் தேறிய புலவர்கள். பெட்டி நிறையப் புத்தகம் வாங்கி வருவார்கள். 1107 வாக்கில் லீ தூதர்கள் புத்தகம் வாங்க அனுமதி கேட்டபோது சொங் அரசவை தந்த பதில் ரசமானது: வாங்கலாம், ஆனால் சோதிடம், நாள்காட்டிக் கணிதம், போர்க்கலை, அரசாணைகள், எல்லை விவகாரம், நிலவியல் நூல்கள் மட்டும் கூடாது. கன்ஃபூசியஸை எவ்வளவு வேண்டுமானாலும் படி, வரைபடத்தைத் தொடாதே என்று அர்த்தம். 1760-62-இல் போன பேரறிஞர் லே குய் டோன், சீன அதிகாரிகள் தம்மைக் காட்டுமிராண்டி என்ற பொருள்தரும் சொல்லால் குறிப்பிட்டதை எதிர்த்து எழுதி, 'அன்னாம் கப்பத் தூதர்' என்று மாற்றவைத்துத் திரும்பினார்.

நகலா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எழுத்து, தேர்வு முறை, சட்டம், அரண்மனை அமைப்பு எல்லாம் சீனாவிலிருந்து வந்தவைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவற்றின் பெரும்பகுதியைச் சீன ஆட்சி திணிக்கவில்லை. ஹனோயின் இலக்கியக் கோயில் 1070-இல் எழுந்தது, முதல் தேர்வு 1075-இல் நடந்தது. இரண்டுமே விடுதலைக்கு நூறாண்டுக்குப் பிந்தையவை. அந்த முதல் தேர்வில் முதலிடம் பெற்ற லே வான் தின் என்ன ஆனார் தெரியுமா? 1084-இல் சொங் அதிகாரிகளோடு எல்லைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்டார். தேர்வு முறை எதற்காகத் தேவைப்பட்டது என்பது அதிலேயே தெரிகிறது. சீன எழுத்தின் உறுப்புகளைக் கொண்டே தம் மொழிக்கு 'நோம்' என்ற எழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். 1813-இல் பெய்ஜிங் தூதராகப் போன ஙுயென் ஸூ, சீனாவில் யாரும் பெரிதாகக் கொண்டாடாத ஓர் உரைநடைக் கதையை எடுத்து, வியட்நாமின் நாட்டார் யாப்பில் 3,254 அடிகளில் 'கியெவின் கதை'யாகப் பாடினார். மூலக்கதையைச் சீனாவில் இன்று ஆய்வாளர்கள் தேடிப் படிக்கிறார்கள், வியட்நாமில் எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட ஸூவின் அடிகளை ஒப்பித்தார்கள்.

இதே பேரரசுச் சடங்கைத் தம்மைவிடச் சிறியவர்களிடம் வியட்நாம் எப்படி நடத்தியது என்பதையும் சொல்லாவிட்டால் பதில் ஒருபக்கமாகிவிடும். தெற்கே இருந்த சம்பா அரசும் லாவோ அரசுகளும் கம்போடியாவும் தனக்குக் கப்பம் கட்டவேண்டும் என்று அது எதிர்பார்த்தது. 1471-இல் சம்பாவின் தலைநகரை அழித்தது. 19-ஆம் நூற்றாண்டு ஙுயென் அரசவை 'நடுநாடு' என்று தன்னையே சொல்லிக்கொண்டது. சீனா வெறும் 'வடக்கு அரசவை'. வடக்கே குனிந்த முதுகு தெற்கே நிமிர்ந்தே இருந்தது.

1789-க்கு வருவோம். புத்தாண்டின் ஐந்தாம் நாள், அப்போதுதான் அரியணை ஏறியிருந்த ஙுயென் ஹுவே சிங் படையை ஹனோயில் சிதறடித்தார். சில வாரங்களில் சமாதானக் கடிதம், 'ஙுயென் குவாங் பின்' என்ற கடிதப் பெயரில். எழுதியவர்கள் அவருடைய புலவர்கள் ஙோ தி நியாம், ஃபான் ஹுய் இக். சியான்லோங் பேரரசருக்கு எண்பதாம் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தோல்வியைவிட, வென்றவனே நேரில் வந்து வாழ்த்தினான் என்ற காட்சி அவருக்குத் தேவைப்பட்டது. 1790-இல் அன்னாம் அரசர் ரெஹே கோடை அரண்மனைக்கு வந்தார், மிகப் பெரிய வரவேற்பு. அவர் சிங் உடை அணிந்து நின்றதைப் பக்கத்தில் இருந்த கொரியத் தூதர்கள் முகம் சுளித்துக் குறித்துவைத்தார்கள். வியட்நாம் ஆவணங்கள் சொல்வது: போனது ஙுயென் ஹுவே அல்ல, அவர் சாயலில் இருந்த இன்னொருவர். தங்க மனிதனுக்குப் பதில் இந்த முறை உயிருள்ள மனிதன்! பேரரசருக்குத் தெரிந்திருந்ததா என்று வாதிடுகிறார்கள். தெரிந்திருந்தாலும் அவர் காட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். காட்டிக்கொண்டால் மறுபடி படை அனுப்பவேண்டும்.

நாட்டின் பெயரே இந்தப் பேரத்தில் பிறந்ததுதான். 1802-இல் நாட்டை ஒன்றாக்கிய யா லோங், 'நாம் வியெட்' என்ற பெயரை ஏற்கக் கேட்டார். ஜியாசிங் பேரரசருக்கு அது உறுத்தியது: கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அதே பெயரில் இருந்த அரசுக்குள் குவாங்டோங், குவாங்ஸி இரண்டும் அடங்கும், நாளை அவற்றையும் கேட்பாயோ? சொற்களைத் திருப்பிப் போட்டு 'வியெட் நாம்' என்று தந்தார்கள். 1804-இல் அந்தப் பெயரோடு பட்டமும், ஒட்டகம் செதுக்கிய பிடியுள்ள, தங்கமுலாம் பூசிய வெள்ளி முத்திரையும் வந்தன. யா லோங்கின் மகன் மின் மாங் 1838-இல் உள்நாட்டுக்கு 'டாய் நாம்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். பட்டம் வாங்க அரசர்கள் வடக்கே ஹனோய்வரை போய்வந்த வழக்கமும் 1849-இல் டூ டுக் காலத்தில் மாறியது. அந்த முறை சிங் தூதரே தலைநகர் ஹுவே வரை இறங்கிவந்தார்.

அந்த ஒட்டக முத்திரையை 80 ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. சீனாவுக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். 1884 ஜூன் மாதம், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்று, ஹுவே நகரில் பிரெஞ்சு அதிகாரிகள் முன்னிலையில் அதை உலையில் போட்டு உருக்கினார்கள். அடுத்த ஆண்டு தியான்ஜின் ஒப்பந்தத்தில் சிங் அரசும் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. சீனப் பாணித் தேர்வு மட்டும் அதற்குப் பிறகும் நடந்தது: சீனா 1905-இல் அதைக் கைவிட்டது, ஹுவேயில் கடைசித் தேர்வு 1919-இல்.